பால்நிறச் சோகியின் இருநூறு எறிகள்

இப்போது என் மகளின் பிள்ளைகள் கைப்பேசிக்குள் பந்து எறிகிறார்கள். நாங்கள் சோகியால், அதுதான் சோழியால், எறிந்தோம். காக்காமார், எங்கள் அண்ணன்மார், கடற்கரைக்குக் கிரிக்கெட் விளையாடப் போவார்கள்; பெண்பிள்ளைகள் வேலியைத் தாண்டக்கூடாது. ஆகவே என் அக்கா, ராத்தா, வீட்டுக்குள்ளேயே ஒரு கிரிக்கெட்டை உண்டாக்கினாள். நாலு சோகி சேர்ந்தால் ஒரு பௌலர். பாயில் எறிந்ததும் வாய் மேலே பார்த்து விழுகிற ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு ஒரு ஓட்டம். நாலும் குப்புற விழுந்தால் விக்கெட்.

பெரிய பிள்ளையானதும் ராத்தாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மிஞ்சியிருந்த கணக்குக் கொப்பி இந்த விளையாட்டுக்கு வந்தது. ஒரு எறியும் தப்பாமல் அதில் ஏறும். அவளுடைய பழுப்புச் சோகிக்காரன் இருநூறு எறியில் பதினேழு விக்கெட் எடுத்திருந்தான். அவனைத்தான் கிழவன் என்போம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமி மகள் தன் சோகிகளோடு எங்களை வெல்ல வருவாள். “உங்கட கிழவன் இன்னும் மௌத்தாகல்லையா?” என்று கிழவனின் சாவை விசாரித்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுவாள்.

ஒரு கிழமை மாமா எனக்குப் பால்நிறத்தில் நாலு புதுச் சோகி கொண்டுவந்து தந்தார். எறிந்து பார்த்தேன். ஆறு எறியில் மூன்று விக்கெட்! வருகிற வெள்ளி என் ஆள்தான் எறிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

“கெட்டிக்காரன்தான் புள்ள. ஆனா ஆறு எறிதானே. ஆறு எறியில ஆரும் கெட்டிக்காரன்தான்” என்றாள் ராத்தா.

“உங்களுக்குப் பொறாமை!”

“ஓம், பொறாமைதான். சோத்தைத் தின்னு.”

வியாழன் அன்று பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. வந்து பார்த்தால், ராத்தா என் சோகிகளை எறிந்து எறிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு சோகிக்குள் இத்தனை விக்கெட் என்று அளவாகத்தான் இருக்கும், வெள்ளி வருமுன் இவள் எல்லாவற்றையும் எறிந்து தீர்க்கிறாள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் வாய் திறக்காத பிள்ளை. அன்று போட்ட சத்தத்தில் உம்மா அகப்பையோடு ஓடி வந்தார்.

“என்னடி இது, சின்னப் புள்ளைர சாமானைக் களவா எடுக்கிற?”

ராத்தா கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். என் ஆளுக்கென்று ஒரு தனிப் பக்கம். முதல் வரியில் என்னுடைய ஆறு எறியும் இருந்தது. மிச்சமெல்லாம் நான் பள்ளிக்கூடம் போன நேரங்களில் அவள் எறிந்தவை. மொத்தம் இருநூறு எறி, பதிமூன்று விக்கெட்.

“என்ட ஆளுக்குக் குடுத்த எறியை இவனுக்கும் குடுத்துப் பாத்தன் உம்மா. பாக்காமத் தள்ளி வைக்கிறது பாவமில்லையா?”

நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உம்மா அகப்பையை ஓங்கினார். ராத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க உம்மா.” பிறகு என்னைப் பார்த்தாள். “உன்ட மூணு விக்கெட்டும் சேந்துதான் எரிஞ்சிது புள்ள. நாளைக்குக் கிழவன்தான் எறிவான். இவனுக்கு இண்டைக்கு முதல்ல இருந்து தொடங்குவம்.”

புதுப் பக்கம் திறந்து கோடு கீறினாள். சோகிகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த வீட்டில் எனக்காக இருநூறு எறிக்கு இரண்டாந்தரமும் உட்கார வேறு யாரும் இருக்கவில்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. தண்டனை தருகிறாள் என்று நினைத்து அழுதழுது எறிந்தேன். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தாள்.