தலைகீழாகத் தொங்கும் என் செடி

இன்று வேலை முடிந்து வரும்போது பார்க்கிறேன், பக்கத்து வீட்டு அண்ணாச்சி புதிதாகத் திறந்திருக்கும் பட்டாசுக் கடையின் வாசலில் என் செடி தொங்குகிறது. தலைகீழாக. வேருக்கு மஞ்சள் பூசி, இலைக்கு இலை குங்குமம் வைத்து.

காலையில் அது என் வீட்டுச் சுற்றுச்சுவரில், தொட்டியில் இருந்தது.

பார்க்கக் கற்றாழை மாதிரி இருந்தாலும் அது கலப்பினம். வருடத்துக்கு இரண்டு இலை விட்டாலே பெரிய விஷயம். விதை பிடிக்காது. இலையை நட்டுப் பார்த்தேன், இரண்டு முறையும் அழுகியது. நாலு வருடம் காத்திருந்து, போன மாதம்தான் ஒரே ஒரு குட்டி விட்டது.

"யாரக் கேட்டுப் புடுங்குனீக அண்ணாச்சி?"

"ஒரு கத்தாளைக்கா இம்புட்டுக் கோவம்? கம்மாக்கரையில அம்புட்டுக் கெடக்கு. நாளைக்கு ரெண்டு கொண்டாந்து தாரேன்."

"நாலு வருசம் வளத்தது!"

"நாலு வருசத்துல இம்புட்டுத்தான் வந்துச்சா? அப்ப மொதல்ல உங்க வீட்டுக்குல்லம்மா திருஷ்டி கழிக்கணும்!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

குட்டி எங்கே என்று கேட்டேன். கயிறு கட்ட இடைஞ்சலாக இருந்ததென்று கிள்ளிக் குப்பையில் போட்டாராம். அட்டைப்பெட்டிக் கழிவுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்து வந்தேன். கிள்ளிய இடம் காய நிழலில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா தெரியவில்லை.

தாய்ச்செடியைத் தர மாட்டாராம். கட்டியதை அவிழ்த்தால் சீசன் படுத்துவிடுமாம்.

அந்தக் கடையை இன்றைக்கு எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். வயிறெரிந்து பார்த்தது நான் ஒருத்திதான். அதற்கு அண்ணாச்சி எதைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.