மாமா சுமந்த விருந்தாளி

என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவருடைய கறுப்புக் கோட்டுத்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக நின்று அவர் பேர் கூப்பிட்டால் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்து நாய்கூடக் குரைக்காது. பிந்தி வருகிற பெண்களை, கைப்பிள்ளைக்காரியாக இருந்தாலும், வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். மருமகளாகப் போன நான் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. அவரும் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

தோட்டத்துக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் ஒரு சின்னத் தீவு இருந்தது. அது தோட்டத்து முதலாளியான தொரையின் குடும்பத்துக்குத் தனிச் சொத்து. கொழும்பு வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் மாட்டுவண்டியில் வந்து இளைப்பாறிய காலத்தில், தொரையின் பாட்டனார் அங்கே பங்களா கட்டினாராம். சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. வருகிறவர்களில் வெள்ளைத் தோல் குறைந்து நம் நிறம் கூடியது, அவ்வளவுதான். எங்கள் சித்திரை வருசப்பிறப்பு அவர்களுக்குப் படுக்கை விரிப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் கழியும்.

ஒரு சித்திரையில் ஆறு வற்றியிருந்தது. விருந்தாளியை ஏற்றி வந்த படகு, தீவுக்குச் சற்று முன்னால் மணலில் தட்டி நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து வந்த கனத்த மனிதர்; வெள்ளைக் கால்சட்டை, காலில் புதுச் சப்பாத்து. பூமாலையோடு தீவுக் கரையில் நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. தொரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாமாவை நோக்கி விரலை அசைத்தார். மாமா கோட்டைக் கழற்றாமலே தண்ணீரில் இறங்கினார்.

“கங்காணி, கொஞ்சம் குனியும்” என்றார் விருந்தாளி. நல்ல தமிழில்தான் சொன்னார்.

மாமா குனிந்தார். முதுகில் அவரைச் சுமந்து வரும்போது பாசிக்கல்லில் கால் வழுக்கித் தலைப்பாகை அவிழ்ந்து ஆற்றோடு போனது. பங்களா வாசலில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்துப் படம் பிடித்தார்கள். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தோம். சிரித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அன்று பொழுது சாய்கையில் லயத்துக்குத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் அவரே கோட்டைத் துவைத்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை.

“நீ பாத்தியாம்மா?”

“பாத்தேங்க மாமா.”

“மவன்கிட்டச் சொல்லாத.”

என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. நான் சொல்லவில்லை. ஆனால் ஹட்டன் பட்டணத்துக் கடையில் வேலை பார்த்த என் கணவரின் காதுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. வந்ததும் வராததுமாக, முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். மாமா கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

“நா சொன்னத சனங்க செஞ்சாங்க. தொரை சொன்னத நா செஞ்சேன். முடியாதுன்னு ஒருத்தரு சொல்லி நா கேட்டதே இல்லியேப்பா.”

அடுத்த சித்திரையில் தீவுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. வரமுடியாதென்று சொல்லி அனுப்பிவிட்டு மாமா மாரியம்மன் கோயிலுக்குப் போய், பொங்கல் வைத்த சனங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரமே கங்காணி வேலை போனது. புதுக் கங்காணி பேர் கூப்பிட்ட முதல் காலையில், மாமா கூலியாட்களின் வரிசையில் மம்பட்டியோடு நின்று, “இருக்கேங்க” என்றார். முன்பு அவரால் திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி, கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நகர்ந்து, அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

இப்போது அந்தப் பங்களா ஹோட்டலாகிவிட்டது. கொழும்பில் இருக்கும் என் மகள், எல்லாரும் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று போன வாரம் கூப்பிட்டாள். அங்கே படகிலிருந்து கரையில் இறக்கிவிட யாராவது கை நீட்டினால் நான் எந்த முகத்தோடு அதைப் பிடிப்பேன்? முழங்கால் வலி, வரமுடியாது என்று சொல்லிவிட்டேன்.