மயில் இறங்கிய கொல்லை

இன்று காலை என் டியூஷன் பிள்ளைகளைத் திண்டிவனம் பக்கத்து ஏரிக்குப் பறவை பார்க்க அழைத்துப் போனேன்.

விதி ஒன்றுதான். சத்தம் கூடாது, பறவைகளுக்கு நம்மால் எந்தத் தொந்தரவும் இருக்கக் கூடாது.

அதிசயமாக எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்பு ஜெனிபர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள். தண்ணீரில் நாரைகள், நாமக்கோழிகள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, கரைக்குக் கீழே வேர்க்கடலை விதைத்திருந்த கொல்லையில் இரண்டு மயில்கள் இறங்கின.

"மிஸ்! வெதைச்ச மல்லாட்டைய நோண்டித் தின்னுக்கினு இருக்குது!"

கத்தியது ஜெனிபர். வீட்டுக் கொல்லையில் காவல் இருந்து பழகியவள், "ஹோய்! ஹோய்!" என்று கைதட்டிக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார்கள். மயில்களோடு மொத்த ஏரியும் பறந்துவிட்டது.

"உங்க கொல்லையாடி அது?" என்றேன்.

"இல்ல மிஸ், யாருதோ. அதுக்குன்னு சும்மா பாத்துக்கினே நிக்க முடியுமா?"

முடியும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் அழைத்து வந்திருந்தேன்.

மிஞ்சியது, அவை பறக்கும்போது அவசரமாகப் போனில் எடுத்த இந்த ஒரே போட்டோ. எல்லாப் பறவையும் வால் பக்கம்தான் தெரிகிறது. வாலை வைத்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். தயவுசெய்து கைதட்டாமல் வாருங்கள்.