என் நண்டும் என் ஓரகத்தியும்

மயிலாப்பூர் மண்டபம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் தோளில் ரோஜா நிறச் சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். மடிப்புக்கூடக் கலையாத புதுச் சால்வை. பட்டிமன்றத்தில் என் அணியே வென்றது என்று நடுவர் தீர்ப்புச் சொன்ன கையோடு நடந்தது அது. அந்த வெற்றிக்கு ஆசைப்பட்டதுபோல் நான் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஏனென்றால் எதிரணியில் பேசித் தோற்றவர் என் ஓரகத்தி.

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்றுக்கு நாங்கள் இருவரும் வாழ்க்கைப்பட்டவர்கள். அவர் மூத்த மருமகள், எனக்கு அக்கா. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. நான் இளையவள், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். முனைவர் பட்டம் எனக்குத்தான். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் முழங்கால் சேற்றில் நின்று, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும் குட்டி நண்டுகளை வருஷக்கணக்கில் கவனித்தவளும் நான்தான். ஆனால் பரிணாமத்தைப் பற்றிப் பேச ஆள் தேவைப்பட்டால், நூலகத்தாரும் குடியிருப்போர் சங்கத்தாரும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, எடுத்தது நானாகவே இருந்தாலும், “பெரிய மேடம் இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

அக்கா பேசுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையை மட்டும் தூக்கித் தூக்கி ஆட்டுவார். பெண் நண்டைக் கூப்பிடும் ஆண் நண்டாம். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். அது என் நண்டு. சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதைக் கேட்டு எடுத்துக்கொண்டது. “என் தங்கச்சி கண்டுபிடிச்சது” என்று மேடையில் சொல்லாமலும் இருக்கமாட்டார். அந்தப் பெருந்தன்மை வேறு என்னை எரித்தது. ஒருமுறை என் கணவரே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கை வலிக்கத் தட்டினார். வீட்டுக்கு வரும்வரை அவரோடு நான் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பட்டிமன்றம் வந்தது. தலைப்பு, ‘உயிர்கள் மாறுவது தற்செயலாலா, தேவையாலா?’ எனக்கு விழுந்த அணி, தேவை. முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும், அது தப்பான கட்சி என்று. வேண்டும் என்று ஏங்கி எந்த உயிரும் ஓர் உறுப்பை வளர்த்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு அதிகம் உழைப்பது கணவனா மனைவியா என்பதுபோல, நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லி முடிக்கிற சங்கதியும் இல்லை இது. ஆனால் பட்டிமன்றத்தில் கொடுத்த கட்சியைத்தான் பேசவேண்டும். தவிர, எதிரணியில் அக்கா.

பேசினேன். பெண் கிடைக்காத ஆண் நண்டு ஒன்று சேற்றில் நின்று ஏங்குவதை உருகி உருகிச் சொன்னேன். “தேவை கூப்பிட்டது, கொடுக்கு வளர்ந்தது!” என்று முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. பிறகு அக்கா எழுந்தார். “நண்டு யாருகிட்டயும் எதையும் கேக்கலை. ஒண்ணு தற்செயலா கொஞ்சம் பெரிய கொடுக்கோட பொறந்துச்சு. அதுக்குப் பொண்ணு கெடைச்சுது. அதோட பிள்ளைங்களுக்கும் அதே கொடுக்கு. அவ்வளவுதான்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். என் ஆய்வேட்டின் சாரமே அதுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நடுவர், தாய்ப்பாலில் தொடங்கி ஏதேதோ சொல்லி, தேவையே என்று தீர்ப்பளித்தார்.

சால்வையோடு மேடையைவிட்டு இறங்கினேன். கூட்டம் என்னைத் தாண்டி அக்காவிடம் போனது. காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “இன்னாமா, தேவைன்னா வந்துருமாமே? தேனாம்பேட்டை சிக்னல்ல டெய்லி நின்னுகினு கீறேன், எனக்கு றெக்க தேவை. மொளைச்சுதா? நீ சொன்னதுதான் கரெக்டு. ஆமா, அந்த சின்ன கொடுக்கு நண்டு கீதே, அது இன்னாதான் பண்ணும்?” என்றார். அதற்குப் பதில் அந்த மண்டபத்தில் எனக்கு மட்டுமே தெரியும். கண்ணால் பார்த்தவள் நான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவும் “அது எனக்குத் தெரியலையே, நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று அவரையே திருப்பிக் கேட்டார். அதற்குள் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அக்காவின் தோல்வியைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. வீடு திரும்பும்போது அக்கா, “தீர்ப்பு உனக்கு, கேள்வி எனக்கு. பங்கு சரியாப் போச்சு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற வருஷம் அக்கா பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். வழியனுப்பும்போது அழுதேன், உள்ளுக்குள் குளிர்ந்தும் இருந்தது, மறைப்பானேன். இப்போது அழைப்புகள் எனக்கு வருகின்றன. போன ஞாயிறு அடையாறில் பேசினேன், அதே நண்டைப் பற்றி. இந்த முறை தப்பான கட்சி எதுவும் இல்லை. கண்டதைக் கண்டபடி சொன்னேன். அக்காவைப்போலக் கையைக்கூட ஆட்டிக் காட்டினேன். நல்ல கைதட்டல். “கேள்விகள் இருந்தால் கேட்கலாம்” என்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், நடுவரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். எத்தனை வருஷமாக நான் காத்திருந்த கை அது! சொல்லுங்கள் என்று மேடை விளிம்புவரை போய்விட்டேன்.

“அந்த டீச்சரம்மா இனிமே வரமாட்டாங்களா?” என்றார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். கூட்டம் எப்படி என்றார். நிறைந்திருந்தது என்றேன். கைதட்டினார்களா என்றார். தட்டினார்கள் என்றேன்.

“கேள்வி கேட்டாங்களா?”

“ஒண்ணு கேட்டாங்கக்கா.”

“ஒண்ணு போதுமே. என்ன கேட்டாங்க?” அந்தக் குரலில் இருந்த ஆர்வத்தைக் கேட்டதும் எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது.

“உங்களை” என்றேன்.