நான் குத்திவிட்ட பேட்ஜ்

கொழும்பிலிருந்து வந்த கதிர் அளவு அறிக்கையில் அந்த ஒரு வரியை மறுபடி மறுபடி படித்தேன். மற்ற எல்லாருக்கும் பூச்சியம். சுத்தம் செய்கிற பெண்ணுக்கு மட்டும் பூச்சியம் இல்லை. அவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

பல்கலைக்கழகத்தில் கதிரியக்கப் பாதுகாப்பு என் பொறுப்பு. பெயர்தான் பெரிசு. வேலை என்னவோ பூட்டுகளை இழுத்துப் பார்ப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருடைய பேட்ஜையும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுப் புதியதைக் கொடுப்பதும்தான். யார் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அந்தப் பேட்ஜ் காட்டும். மலைச்சரிவுகளில் மண்ணின் ஈரத்தை அளக்கிற கருவி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதற்குள் கதிர்வீசும் பொருள் உண்டு. நமுனுகுல மலைப் பக்கம் கொண்டுபோய் அளந்துவிட்டு வந்தால், பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் பூட்டிவிடுவோம். பெட்டிக்கு வெளியேயும் கொஞ்சம் கதிர் வரத்தான் செய்யும். ஐந்து நிமிடம் கூட்டிவிட்டுப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சுத்தம் செய்கிற அந்தப் பெண் தெமோதரையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துக் கரு தங்கியிருந்தது. வேலை செய்கிற இடத்தில் முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

"அந்த ரூம்புக்குள்ள போகலாமா மிஸ்? பயமா இருக்கு."

போகவே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. சுத்தம் செய்கிறவர்களுக்குப் பேட்ஜ் கொடுக்கிற வழக்கம் இல்லை. மேலிடத்தில் சண்டை போட்டு அவளுக்கென்று ஒன்று வாங்கினேன். என் கையாலேயே சட்டையில் குத்திவிட்டு, "இது இல்லாம உள்ள போகாதீங்க" என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

இப்போது அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கேட்டேன்.

"உள்ள எவ்வளவு நேரம் இருக்கீங்க தங்கச்சி?"

"சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கதான் மிஸ். யாரும் வர மாட்டாங்க. இடுப்பு வலிக்கிறப்போ அந்தப் பெட்டியில சாஞ்சுக்குவேன்."

சாய்ந்துகொள்வாளாம்! தினமும், வயிற்றில் பிள்ளையோடு!

"பயமா இருக்குன்னு சொன்னீங்களே!" கத்தியே விட்டேன்.

"முந்தி வாசல்ல நின்னே கூட்டிட்டு வந்துருவேன். நீங்க இதக் குடுத்தப்புறம் என்ன பயம் மிஸ்?" பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள். "தோட்டத்துல மருந்தடிக்கப் போறவங்களுக்கு மூஞ்சிக்கு மாஸ்க் குடுப்பாங்கல்ல, அது மாதிரிதானே?"

என் அப்பாவும் தேயிலைக்கு மருந்தடித்தவர். நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பொருளைக் கொடுத்தால் அது உடம்பைக் காக்கத்தான் என்று நம்புகிற வீடு எங்களுடையது. அவள் இப்படித்தான் நினைப்பாள் என்று வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அறிக்கையைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் கேடு செய்கிற அளவு இல்லை என்றார். கர்ப்பிணிக்கு விதித்த எல்லையை அது தாண்டிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. இனி அந்த அறைப் பக்கமே அவள் போகக் கூடாது என்று நான் அங்கேயே சொல்லிவிட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் பேட்ஜைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்ப இது ஒன்னையும் தடுக்காதா மிஸ்?"

"தடுக்காது. எவ்வளவு பட்டிருக்குன்னு காட்டும்."

"பட்டதுக்கப்புறமா?"

"ஆமா."

கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"அப்ப இது ஒங்களுக்குத்தான் மிஸ் வேணும்" என்று சொல்லி, என் கையில் வைத்துவிட்டாள்.