மாமா குரல் புகுந்த பாடம்

எங்கள் தென்காசியில் சீசன் நேரத்தில் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பிட்டாயா, சௌக்கியமா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். "தண்ணி விழுதா?" என்பதுதான் முதல் கேள்வி. குற்றாலத்தில் விழுகிறதா என்று அர்த்தம். வேறு எங்கே விழுந்தாலும் எங்களுக்கு அக்கறை கிடையாது. அப்படி ஒரு சாரல் மாதத்தில்தான் என் சித்திக்கு பி.எட். செய்முறைத் தேர்வு வந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். கற்பித்தல் பயிற்சிக்கு அவளை அனுப்பியது, என் போதாத காலம், நான் ஆறாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்துக்கே. வீட்டில் சித்தி, வகுப்பில் டீச்சர். மாற்றி மாற்றிக் கூப்பிட்டு இரண்டு இடத்திலும் திட்டு வாங்கினேன்.

பாடத்தை செல்போனில் வீடியோவாகத் தயார்செய்து, புரொஜெக்டரில் போட்டு நடத்த வேண்டும். முதல் தடவை பார்வையிட வந்த கல்லூரிப் பேராசிரியை படமெல்லாம் பிரமாதம் என்றார். "ஆனா ஒரு பிள்ளகூட வாயத் தெறக்கலயேம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எப்படித் திறப்போம்? வெளியாள் வரும்போது சத்தம் கேட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொல்லியிருந்தார். நாங்கள் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டோம். சித்தி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பதில் தெரிந்த நானும் வாயில் விரலை வைத்தபடி அவளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சித்தி அழுதாள். இறுதித் தேர்விலும் பிள்ளைகள் பேசாவிட்டால் அவள் தேற முடியாது. தேறாவிட்டால், பண்பொழியில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குத் தாத்தா உடனே சரி சொல்லிவிடுவார். மாப்பிள்ளை மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் வேலை, அப்புறம்தான் கல்யாணம் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இறுதித் தேர்வுக்கு நீர்ச்சுழற்சிப் பாடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையில் உட்கார்ந்து சித்தி குரல் பதிவு செய்தாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. குக்கர் விசிலடித்தது. காக்கா கத்தியது. மீன்காரர் வாசலில் நின்று கூவினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சன்புதூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கிய மாமா, சித்தியின் அண்ணன், கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து ஊருக்கே கேட்கும்படி முழங்கினார்.

"ஏட்டி, இன்னும் செல்லுகிட்டப் பேசிக்கிட்டா கெடக்க? அங்கன ஐந்தருவில தண்ணி பிச்சுக்கிட்டு விழுது! எண்ணெயத் தேச்சுட்டுக் கெளம்பு!"

மறுநாள் சித்தி வெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். எந்தெந்தச் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் உத்தியோகம். ஹெட்போனின் ஒரு பக்கம் அவள் காதில், மறுபக்கம் என் காதில். விசில் போனது, காக்கா போனது, மீன்காரரும் போனார்.

"சித்தி, மாமா சத்தம்!" என்றேன்.

"பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மறந்துவிடப் போகிறாளே என்று அன்றைக்கு முழுக்க நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

தேர்வு நாளில் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் மார்க் போட உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி வகுப்பை இருட்டாக்கியிருந்தார்கள். சுவரில் கடலும் மேகமும் ஓடின. "கடல்நீர் வெப்பத்தால் ஆவியாகிறது" என்று சித்தியின் குரல் சுத்தத் தமிழில் சொன்னது. நாங்கள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் "ஏட்டி!" என்று மாமா இடி மாதிரி முழங்கினார். எண்ணெய் வரைக்கும் ஒன்று விடாமல் வந்தது.

ஐயோ, மறந்தே போய்விட்டாளே! முன் பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது.

சித்தி பதறவேயில்லை. வீடியோவை நிறுத்தினாள்.

"சரி, நீங்க சொல்லுங்க. தண்ணி விழுதா?"

"விழுது டீச்சர்!" என்று கூரை அதிர்ந்தது.

"எங்க வாப்பா துபாய்லேருந்து போன் போட்டாலும் மொதல்ல அதத்தான் கேப்பாவ டீச்சர்" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

"இங்கன மழையே பெய்யலயே. பெறவு அருவிக்கு எங்கேருந்து தண்ணி வருது?"

"மலைக்கு மேல பெய்யும்லா சித்தி!" என்று கத்தியது சாட்சாத் நான்தான். மறுபடியும் சிரிப்பு. அதன் பிறகு எங்களை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மலை, மேகம், கடல் என்று நாங்களே பாடத்தை நடத்தி முடித்தோம். மார்க் போட வந்தவர்களில் ஒருவர், "தண்ணி நல்லாவே விழுதா?" என்று எங்களிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

முடிவு வரும்வரை அம்மா மாமாவைக் கூறுகெட்டவன் என்று திட்டித் தீர்த்தாள். சித்தி தேறியதும் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. "நான் மட்டும் அன்னைக்கு வரலைன்னா இவ கத என்ன ஆயிருக்கும்?" என்று இன்றுவரை கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார். சித்திக்கு வேலை கிடைத்தது. பண்பொழி மாப்பிள்ளையும் பொறுமையாகக் காத்திருந்து என் சித்தப்பா ஆனார்.

இப்போது நானும் பி.எட். படிக்கிறேன். போன வாரம் சித்தி வீட்டில் உட்கார்ந்து என் பாட வீடியோவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நடுவே சித்தியின் மகன் "அம்மா, பசிக்கி!" என்று அலறியது பதிவாகியிருந்தது. வெட்டப் போனேன். பின்னால் நின்ற சித்தி சட்டென்று கையைப் பிடித்தாள்.

"அத வெட்டாதட்டி. பிள்ளைங்க அதக் கேட்டாத்தான் வாயத் தெறக்கும்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். விசிலும் காக்காவும் மீன்காரரும் போய், மாமா மட்டும் எப்படித் தப்பினார் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"சித்தி, அப்போ அன்னைக்கு..."

"மாமாட்டச் சொல்லிராத" என்றாள் சித்தி. "இத்தன வருசமா சந்தோசமா இருக்காவ."