என் குதிரையும் நாத்தனாரும்

வரதய்யபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் குதிரை வைத்திருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். அதை வாங்கியவள் நான். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்த ஒருவர் புத்தூரில் தொழிலை மூடினார். அவரிடமிருந்து அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரையை வேனில் ஏற்றிவந்தபோது முதுகெலும்பு வரப்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கொள்ளு வேகவைத்தேன், புல் அறுத்துப் போட்டேன். வயிறு பெருத்ததே தவிர முதுகில் சதை பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் கணவரின் தங்கை திருப்பதிப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. "நீ வேலைக்குப் போய்க்கினு இரு அண்ணி, இத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

முதல் மாதம் அவள் ஏறவே இல்லை. கயிற்றைப் பிடித்து ஏரிக்கரைச் சரிவில் ஏற்றி இறக்கி நடத்தினாள். பிறகு முதுகில் ஏறிக் கொஞ்சம் நடை, கொஞ்சம் மெதுவோட்டம். ஒருநாள் கடுமையாக வேலை வாங்கினால் மறுநாள் லேசாக. ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு. "ஓடறப்போ சதை வளராது அண்ணி. துன்னுட்டு சும்மா நிக்கிது பாரு, அப்போதான் வளரும்" என்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் முதுகு நிரம்பி, பின்தொடைகள் திரண்டுவிட்டன. தெருவில் போகிறவர்கள் நின்று, நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் "பாகுந்தி" என்றார்கள், அவளைப் பார்த்து. என் கணவர் போனில் எல்லோரிடமும் தங்கையின் பெருமையைப் பேசினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் கேட்டைத் திறந்தால் குதிரை ஒருமுறை பார்த்துவிட்டுப் புல்லில் வாய் வைக்கும். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே கனைக்கும். அதுதான் தாங்கவில்லை.

அவள் திருமலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள் என்று தெரிந்தே சேணம் பூட்டினேன். ஏரிக்கரை முழுக்க நாலு தடவை விரட்டினேன். அது தலையை உதறி வேகம் குறைத்தபோதும் குதிகாலால் இடித்தேன்.

மறுநாள் காலை அவள் அதன் முன்காலைத் தடவிப் பார்த்தாள்.

"சுடுது அண்ணி. வீங்கியும் கீது. நேத்து யார்னா ஓட்டினாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? கட்டின இடத்துலதான் நின்னுக்கினு இருந்துச்சு."

சேணத்துக்கு அடியில் போடும் துணியில் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு அந்தக் காலுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றத் தொடங்கினாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாயங்காலம்வரைதான் தாங்க முடிந்தது.

"நான்தான் ஓட்டினேன். என் குதிரைதானே?"

"உன்னுதுதான். நான் எப்போ இல்லன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓட்டக் கத்துக் குடுத்திருப்பேனே அண்ணி."

இரண்டு மாதம் ஓடவே கூடாது என்றார் கால்நடை மருத்துவர். கால் தேறி, நடத்தலாம் என்றானதும், அவள் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டாள். ஷிப்டுக்கு முன்னால் நான் நடத்தினேன். முதலில் சமதரையில், பிறகு சரிவில். ஓய்வில் வற்றிப்போயிருந்த அதன் பின்தொடை ஒருநாள் என் உள்ளங்கைக்கடியில் கெட்டியாக அகப்பட்டது. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அவள் ஏர்பேடு பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். மாதம் ஒரு சனிக்கிழமை வருவாள். அவள் பஸ் வரும் நேரத்துக்குக் குதிரையை நான், அவள் செருப்புச் சத்தம் எட்டாத ஏரிக்கரைக்கு ஓட்டிப் போய்விடுவேன். கேட்டால், பயிற்சி நேரம் என்பேன்.